மேலிருந்து வெட்டிய ஆண்டு

போன வாரம் கார்த்திகா தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெறும்போது இருந்த பணிப்பாளர் கதிரையில் இப்போது அவர் இருக்கிறார்.

"மிஸ், திரும்பவும் வந்திட்டுது," என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. நாடு நெருக்கடியில் விழுந்த பிறகு எங்கள் சபைக்குள் அப்படி வருவது ஒன்றே ஒன்றுதான். மூத்த உத்தியோகத்தர்களின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் குறைக்கச் சொல்லும் உத்தரவு.

"போன முறை செய்த கோப்பைப் பாத்தனான், மிஸ். தீர்மானம் இருக்கு, கையொப்பம் எல்லாம் இருக்கு. ஆனா நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டது அதிலை இல்லை."

தொலைபேசியில் நான் சொன்னது அவருக்கு உதவியிருக்காது. எனக்குப் பேச்சு பழக்கம் விட்டுப்போய்விட்டது. கனகராயன்குளத்தில், ஏ-ஒன்பது வீதிக்குக் கொஞ்சம் உள்ளே, தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டொரு பேரோடு கதைப்பது தவிர, மற்ற நாட்களில் என் குரலை நானே கேட்பது குறைவு. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

சபையின் பெயரை எழுதப் போவதில்லை. வன்னியின் நடுத்தரக் குளங்களையும் வாய்க்கால்களையும் பராமரிக்கும் சபை அது. தலைமை அலுவலகம் கிளிநொச்சியில். எங்களுக்கென்று தனியாக ஓர் ஓய்வூதிய நிதி இருந்தது. பாதி எங்கள் சம்பளத்திலிருந்து போனது, மீதியைத் திறைசேரி போட்டது.

நான் ஜெசிந்தா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். அப்பா கரைவலை இழுத்தவர். படித்த பிள்ளை என்று என்னை எழுதுவினைஞர் பரீட்சைக்கு அனுப்பினார்கள். வவுனியாவில் பயிற்சி. தட்டச்சு, நிதிப் பிரமாணம், கோப்பு கட்டுவது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் செய்யவில்லை. அதற்கும் பெரிய கதை ஒன்றும் கிடையாது. இடம்பெயர்வு, அம்மாவின் வருத்தம், வேலை என்று ஆண்டுகள் போயின. பிறகு யாரும் கேட்கவில்லை.

எனக்கு மேலதிகாரியாக நீண்ட காலம் இருந்தவர் இராசநாயகம் சேர். வெள்ளை ஷேட்டைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் போடுவார். இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு பள்ளிக்கூடத்தின் பாதிச் சுவருக்குப் பின்னால் அலுவலகம் நடத்திய காலத்திலும் அந்த மடிப்பு மாறவில்லை. அந்த ஷேட்டுகளைக் கரி ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தியவர் அவருடைய மனைவி பரமேஸ் அக்கா. பல நாட்கள் எங்களுக்கும் சேர்த்து உலை வைத்தவரும் அவர்தான். சேர் யாரையும் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. ஒரு தடவை கோப்பில் ஊசியைத் தலைகீழாகக் குத்திவிட்டேன் என்று கோப்பையே யன்னலால் வெளியே எறிந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நான் நனைந்துகொண்டு பொறுக்கினேன். உள்ளே வந்தபோது, "தாள் எல்லாம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் ஒருவருடைய சம்பளத்தில் கை வைப்பதென்றால் அவர் வேறு ஆளாகிவிடுவார்.

செல்லத்துரை என்று ஒரு துருசுக் காவலர் இருந்தார். குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் துருசைத் திறந்து மூடுவது அவர் வேலை. ஒரு மாரியில் அவர் கலியாணவீட்டுக்குப் போன இடத்தில் வெள்ளம் வந்து, துருசைத் திறக்க ஆளில்லாமல் வாய்க்கால் உடைந்தது. பலருடைய வயல் போய்விட்டது. ஒரு மாதச் சம்பளத்தை முழுதாகப் பிடிக்கும்படி விசாரணைக்குழு எழுதியிருந்தது. கையொப்பம் ஒன்று வைத்தால் போதும். இராசநாயகம் சேர் வைக்கவில்லை. ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

செல்லத்துரை வந்து கதவடியில் நின்றார்.

"இரும்," என்றார் சேர்.

"இல்லைச் சேர், பறவாயில்லை."

"நீர் இருக்காட்டி நானும் எழும்பி நிப்பன்." சொன்னபடியே எழுந்து நின்றார். இரண்டு பேரும் நின்றார்கள். நான் குறிப்பெடுக்கும் தாளோடு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எழுந்தேன். கடைசியில் செல்லத்துரை கதிரையின் நுனியில் அமர்ந்தார். அதன் பிறகுதான் சேர் அமர்ந்தார்.

உத்தரவை அவரே வாசித்தார். வேகமாக இல்லை. வாசித்து முடித்து, "விளங்கிச்சோ?" என்றார்.

"ஓம் சேர்."

"என்ன விளங்கினது எண்டு சொல்லும்."

செல்லத்துரை தன் பேச்சில் சொன்னார். தான் இல்லாததால் வாய்க்கால் உடைந்தது, அதற்கு ஒரு மாதச் சம்பளம் போகிறது.

"சரியோ, பிழையோ?"

இந்தக் கேள்வியைத் தண்டனை பெறுபவரிடம் கேட்கும் அதிகாரி ஒருவரை அதற்கு முன் நான் கண்டதில்லை. செல்லத்துரை நெடுநேரம் நிலத்தைப் பார்த்தார். "வெட்டுறது சரிதான் சேர். ஒரேயடியா வெட்டுறதுதான்... வீட்டிலை பிள்ளையள்," என்றார்.

சேர் அடுத்த அறுவடை வரைக்கும் அதைச் சிறு சிறு பங்காகப் பிரித்து எழுதச் சொன்னார். ஒரு சதமும் குறைக்கவில்லை. செல்லத்துரை போன பிறகு, "எழுதிப்போட்டீரோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஏன் இப்படிச் செய்கிறார் என்று அவர் ஒருநாளும் விளக்கியதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமாதான காலத்தில் பாதை திறந்ததும் வெளிநாட்டு நிறுவனங்கள் வன்னிக்குள் வந்தன. எங்கள் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு தருவதாக ஒரு நிறுவனம் என்னைக் கேட்டது. அம்மா படுக்கையில் கிடந்த நேரம். விலகல் கடிதத்தோடு சேரிடம் போனேன். அவர் அதை வாங்கவில்லை.

"உவை எத்தினை வருசத்துக்கு இருப்பினம்? கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனாப் பிறகு நீர் என்ன செய்வீர்? இஞ்சை சம்பளம் குறைவுதான், ஓம். ஆனா பென்சன் இருக்கு. சாகும்வரைக்கும் வரும். அதை ஒருத்தரும் தொட ஏலாது. நான் சொல்லுறன்."

நான் நின்றுவிட்டேன். என்னைப்போல் இன்னும் பலர் அவருடைய அந்தச் சொல்லைக் கேட்டு நின்றார்கள். இராசநாயகம் சேர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்று, மல்லாவியிலேயே வீடு கட்டி, பரமேஸ் அக்காவோடு இருந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் கனடாவில்.

இனி அந்த ஆண்டுக்கு வருகிறேன்.

பெற்றோலுக்கு வரிசை நின்று களைத்த காலம் முடிந்து, எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நான் பணிப்பாளராகிச் சில காலம்தான் ஆகியிருந்தது. உத்தரவு வந்தது. எங்கள் நிதிக்குத் திறைசேரி போடும் பங்கு குறைகிறது. குறைகிற தொகையை மூத்த உத்தியோகத்தர்களின் சம்பளத்திலிருந்தும் ஓய்வு பெற்ற மூத்தவர்களின் ஓய்வூதியத்திலிருந்தும் எடுக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். யாரிடமிருந்து எவ்வளவு என்பதைச் சபை தீர்மானிக்கலாம். எடுக்காவிட்டால் தற்காலிகத் தொழிலாளர்களை நிறுத்த வேண்டும். வாய்க்காலில் இறங்கிப் புல்லும் சேறும் வாருகிறவர்கள். பெரும்பாலும் குடும்பத்தைத் தனியே இழுக்கும் பெண்கள்.

கணக்காளர் ஒரே நாளில் திட்டம் போட்டுக் கொண்டுவந்தார். முதலாம் தரத்தில் இருப்பவர், இருந்து ஓய்வு பெற்றவர் எல்லாருக்கும் ஒரே வீதம். "இதுதான் மிஸ் நியாயம். எல்லாருக்கும் ஒண்டு," என்றார்.

பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. நான் அதில் கையொப்பம் வைத்திருக்கலாம். ஆனால் பாதிக்கப்படுகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உத்தரவை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகே தீர்மானிப்பது என்று சொன்னேன். மூன்று பேர் கொண்ட குழு. நான், கணக்காளர், வெளியிலிருந்து ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். இரண்டு வாரம் முன்னறிவித்தல். ஒருவர் தன்னோடு இன்னொருவரைக் கூட்டி வரலாம். சொன்னதை எழுதி, அங்கேயே திருப்பி வாசித்து, திருத்தி, கையொப்பம் வாங்குவது. எங்களுக்கு உயரமான கதிரை, வருபவருக்கு பிளாஸ்ரிக் கதிரை என்று போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பிளாஸ்ரிக்காக மாற்றச் சொன்னேன். கணக்காளருக்கு அது பிடிக்கவில்லை.

முதல் நாள் என் பெயரையே முதலில் எடுத்தோம். அதிபர் எனக்கு உத்தரவை வாசித்தார். மற்றவர்களுடைய முகம் அதன் பிறகு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வாசிக்கும் குரல் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அடி அடிதான்.

நஸீர் மூன்றாம் நாள் வந்தார். முல்லைத்தீவில் தண்ணீரூற்று ஊர்க்காரர். நானும் அவரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள். அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது கையில் ஒரு பையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு புத்தளம் போனவர், யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். இடையில் போன ஆண்டுகளை எங்கள் சபை அவருடைய சேவைக்காலத்தில் சேர்க்கவில்லை. வேலைக்கு வராத காலம் என்று போட்டுவிட்டது. திரும்பி வந்த பிறகு ஆளில்லாத குறையால் பொறியியல் பகுதியைப் பொறுப்பெடுத்தார். ஓய்வுக்குக் கொஞ்சம் முன்பு முதலாம் தரம் கிடைத்தது. சேவைக்காலம் குறைவு என்பதால் ஓய்வூதியம் மிகச் சிறியது. எங்கள் அலுவலகச் சாரதி ஒருவருடைய ஓய்வூதியம் அவருடையதைவிடக் கூடுதல்.

பூவரசங்குளம் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். இப்போது தண்ணீர் மோட்டார் திருத்துகிறார். நகத்தில் கிரீஸ் இருந்தது. யாரையும் கூட்டி வரவில்லை.

நான் வாசித்தேன். அவர் சிரித்தார்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டோ? வெட்டுறது பதவியையோ, பென்சனையோ?"

"பென்சனைத்தான், நஸீர்."

"அப்ப ஏன் பதவியைப் பாத்து வெட்டுறீங்கள்? பதவி பெரிசு, பென்சன் சின்னன். வேணுமெண்டால் பதவியை வெட்டுங்கோ. நான் திருப்பித் தாறன். வீட்டிலை அலுமாரிக்கு மேலைதான் கிடக்குது."

அதிபரும் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் வீட்டு நிலைமையையும் பதிவு செய்வோம் என்றேன். அவருடைய மனைவி வாரத்துக்கு இரண்டு தடவை வவுனியா ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். நஸீர் கையை உயர்த்தினார்.

"வேண்டாம் மிஸ். நான் பாவம் எண்டு எழுதாதேங்கோ. அப்பிடி எழுதினால் நாளைக்கு இன்னொருத்தன் வந்து என்னைவிடப் பாவம் எண்டு காட்டவேணும். நான் கேட்டதை மட்டும் எழுதுங்கோ."

கேட்டதை மட்டும் எழுதினேன். திருப்பி வாசித்தேன். ஒப்பமிட்டு, மூன்று பேருக்கும் தனித்தனியாக சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை கணக்காளரிடம் இரண்டாவது திட்டம் ஒன்று போடச் சொன்னேன். தரத்தைப் பார்க்காமல் கையில் வருகிற தொகையைப் பார்த்து வெட்டுவது. ஓர் எல்லைக்குக் கீழே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேலே ஏற ஏற வீதமும் ஏறும். மொத்தத் தொகை மாறாது என்பதால், நஸீரைப்போன்றவர்களுக்கு விடுவதை மேலே இருப்பவர்கள் சுமக்க வேண்டும். கணக்காளர் போட்டுக் கொண்டுவந்தார். வேலையில் இருப்பவர்களில் அதிகம் இழப்பது நான். ஓய்வு பெற்றவர்களில் அதிகம் இழப்பது முழுச் சேவைக்காலத்தோடு பணிப்பாளராகவே ஓய்வு பெற்றவர். அது இராசநாயகம் சேர்.

அவரைக் கிளிநொச்சிக்கு அலைக்க வேண்டாம், குழுவே மல்லாவிக்குப் போகலாம் என்று அதிபர் சொன்னார். ஆள் அனுப்பிக் கேட்டேன். "கந்தோருக்கு வந்துதான் கதைப்பன்" என்று பதில் வந்தது.

கஞ்சி போட்ட வெள்ளை ஷேட்டில் வந்தார். பஸ்ஸில் வந்ததால் முதுகில் வியர்வை. பரமேஸ் அக்கா பின்னால் ஒரு பையும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து கதவோரக் கதிரையில் அமர்ந்தார். நான் எழுந்து நின்றேன்.

"இரும், இரும்," என்றார். தன் முன்னே நான் நின்றால் விசாரணை எப்படி நடக்கும் என்பதுபோல் கையை அசைத்தார்.

இரண்டு திட்டங்களையும் வாசித்தேன். ஒவ்வொன்றிலும் அவருக்கு என்ன ஆகும் என்பதையும் வாசித்தேன்.  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமக்கும் வெட்டுத்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப நீர் எப்பிடி விசாரிப்பீர்?"

"வெட்டுப்படாத ஆளைக் கொண்டுவந்து வைச்சால் அவருக்கு என்ன சேர் தெரியும்?"

அவருக்கு அந்தப் பதில் பிடித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "சரி, எழுதும்," என்று தொடங்கினார்.

"இதைச் செலவு எண்டு பாக்காதேங்கோ. இது சம்பளத்திலை பிறகு தாறம் எண்டு பிடிச்சு வைச்ச பங்கு. செல் குண்டு விழேக்கை நாங்கள் கொழும்புக்கு மாற்றம் கேக்காமல் இஞ்சை நிண்டது இதை நம்பி. நான் எத்தினை பேருக்கு வாக்குக் குடுத்தனான் தெரியுமே? உமக்கும் குடுத்தனான். தொட ஏலாது எண்டு சொன்னனான். இண்டைக்கு நீர் தொடுறீர். தொடுறது நீர் எண்டாலும் பொய்யன் ஆகிறது நான்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத ஒரு வேலை கையில் இருந்ததற்கு அப்படி நன்றி உணர்ந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அதிபர் தணிவாகக் கேட்டார். "நீங்கள் சொல்லுறது சரி ஐயா. ஆனா இல்லையெண்டால் வாய்க்கால் வேலைசெய்யிற பெண்களை நிப்பாட்ட வேணும். அதுக்கு என்ன வழி?"

"அதுக்கு வழி தேடுறது அரசாங்கத்தின்ரை வேலை. என்ரை வேலை இல்லை."

அப்போது நான் வாயைத் திறந்தேன். எங்கள் கரையில் வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்திருக்கும் கரைவலைச் சம்மாட்டி, வலை வெறுமையாக வந்த நாளில் தன் பங்கை எடுக்கமாட்டார் என்று சொன்னேன். கிடைத்த கொஞ்சம் மீனும் வலை இழுத்தவர்களின் கறிக்குப் போகும். அப்பா அப்படித்தான் எங்களுக்கு மீன் கொண்டுவந்தார்.

சேர் என்னை நேராகப் பார்த்தார். "ஓம். மீன் பட்ட நாளிலை சம்மாட்டிக்கு எத்தினை பங்கு?"

நான் எழுதிய தாளைப் பார்த்தேன்.

"சொல்லும். வலைக்கொரு பங்கு, வள்ளத்துக்கொரு பங்கு. அள்ளிக்கொண்டு போவர். அதாலை இல்லாத நாளிலை விடுவர். நான் எண்டைக்கு அள்ளினனான்? சபை என்ரை வள்ளமே?"

அந்தக் கேள்வியையும் அவர் சொன்னபடியே எழுதினேன். 

நஸீருடைய பெயரைச் சொல்லாமல், சேவைக்காலம் குறைந்தவர்களைப் பற்றிக் கணக்காளர் விளக்கினார். இராசநாயகம் சேருக்கு யாரென்று உடனே விளங்கிவிட்டது.

"நஸீரைத்தானே சொல்லுறீங்கள்? அவனை அனுப்பேக்கை நான் கந்தோர் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். என்னாலை ஒண்டும் செய்ய ஏலேல்லை. அவனுக்குச் செய்யவேணும் எண்டால் அந்த வருசங்களைச் சேவையாச் சேருங்கோ. அது அவன்ரை உரிமை. என்ரையிலை வெட்டி அவனுக்குத் தர்மம் போடாதேங்கோ. அவன் அதைக் கேட்டிருக்கமாட்டான்."

ஒருமுறை விட்ட சேவைக்காலத்தைத் திரும்பச் சேர்க்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, கொழும்புக்குத்தான். இரண்டு தடவை கொழும்புக்கு எழுதியும் பதில் வரவில்லை. அதைச் சொன்னேன். "அப்ப மூண்டாந்தரம் எழுதும்," என்றார்.

பதிவைத் திருப்பி வாசித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை பிடித்துத் தன் பேனையால் திருத்தினார். அடியில், "இரண்டு திட்டத்தையும் நான் ஏற்கவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டார். எழுந்தார். பரமேஸ் அக்கா பையை எடுத்தார்.

எங்கள் பக்கம் யாரும் விடைபெறும்போது "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்வார்கள். செத்தவீட்டிலிருந்து கிளம்பும்போது தவிர வேறு சொல் கிடையாது. அவர் கதவடியில் நின்று, என்னைப் பார்க்காமல், "போறன்," என்றார்.

இரண்டாவது திட்டத்தையே தீர்மானித்தோம். கணக்காளர் எதிர்த்து எழுதினார். அதையும் கோப்பில் சேர்த்தேன். வாய்க்கால் பெண்கள் ஒருவரும் நிறுத்தப்படவில்லை. நஸீருக்கு ஒன்றும் வெட்டவில்லை. சேர் சொன்னபடி, நஸீருடைய விடுபட்ட ஆண்டுகளைச் சேவையில் சேர்க்கக் கேட்டு மூன்றாம் தடவையாகவும் கொழும்புக்கு எழுதினேன். நான் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை.

இதனால் எல்லாம் நல்லதாக முடிந்தது என்று கார்த்திகா நினைக்கக்கூடாது. நன்றாக வேலை செய்த இளம் பொறியியலாளர் ஒருவர், சம்பளத்தில் இவ்வளவு போகுமென்றால் இங்கே ஏன் இருக்க வேண்டும் என்று அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அந்தப் போகத்துக்கு ஒரு குளத்தின் அணைக்கட்டு வேலை அப்படியே நின்றது. மற்றவர்கள் போகவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வந்து இருந்தால் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. கேட்டதற்கு "ஓம் மிஸ்" என்றார்கள், அவ்வளவே. பிறகு நான் என் அறையிலேயே சாப்பிடத் தொடங்கினேன். ஓய்வு பெற்றோர் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. தவறிப்போயிருக்கும் என்று ஓர் ஆண்டு நினைத்தேன். அடுத்த ஆண்டு நினைக்கவில்லை.

நஸீர் நன்றி சொல்ல வருவார் என்று நான் எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. ஒருநாள் வவுனியா ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன். மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். "சுகமா இருக்கிறீங்களோ மிஸ்?" என்றார். சுகம் என்றேன். ஓட்டோ வந்தது, ஏறிப் போனார்கள். பிறகு யோசித்தபோது அவர் செய்தது சரி என்று பட்டது. தனக்குச் சேரவேண்டியதை வாங்கியவர் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

நான் ஓய்வு பெற்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் மல்லாவிக்குப் போனேன். கையில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். படலையில் நின்று கூப்பிட்டேன். இராசநாயகம் சேர் முன் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். படலையிலிருந்து பார்த்தால் முழுதாகத் தெரிந்தது. அவர் நிமிரவில்லை. பரமேஸ் அக்கா குசினிப் பக்கத்தால் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அவர் நித்திரை, பிள்ளை," என்றார்.

அப்போது சேர் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பழத்தை வாங்கிக்கொண்டார்.

"எழும்பினாச் சொல்லுறன்," என்றார்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. அவர் என் கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்து வாசித்ததைத்தான் நினைத்துக்கொண்டேன். உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஒளிந்துகொள்வது அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் போகவில்லை. இவ்வளவு காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். கூரை இல்லாமலும் இருந்தோம். செல் சத்தத்துக்கு ஒரே பதுங்குகுழியில் குனிந்திருந்தோம். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு மணித்தியால பஸ் தூரத்தில் இருக்கிறார் என்பதும், போக முடியாது என்பதும் வீட்டுக்குள் ஒரு பூட்டிய அறை இருப்பதுபோல் இருந்தது. ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது, நானே போட்ட வெட்டோடு. தனி ஆளுக்கு அது போதும். போதும் என்பதுதான் சில நாட்களில் பெரிய துக்கம். வெட்டினாலும் அந்தக் குறையை உணர வீட்டில் வேறு யாருமில்லை.

அவர் இறந்த செய்தியைச் சபையிலிருந்து எனக்கு யாரும் சொல்லவில்லை. மல்லாவிப் பக்கம் ஓடும் பஸ்ஸின் நடத்துனர், சந்தியில் நின்ற என்னிடம், "உங்கடை பழைய பணிப்பாளர் மோசம் போயிட்டாராமே, மிஸ்? நேற்று எடுத்தாச்சு," என்றார். உடலை எடுத்தாகிவிட்டது. அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. செத்தவீட்டில் சங்கத்தார் எல்லாரும் இன்னும் நிற்பார்கள். நான் போய் நின்றால் அவர்கள் விலகி நிற்பார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சி வேண்டாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, கனடாவிலிருந்து வந்த பிள்ளைகளும் திரும்பிப் போன பிறகு போனேன்.

படலை திறந்திருந்தது. பரமேஸ் அக்கா வெள்ளைச் சேலையில், விறாந்தைத் தூணில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்ப முயன்றார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் அமர்ந்தேன்.  கோழி ஒன்று முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்தது.

"கடைசி மாதம் கதை குறைஞ்சிட்டுது," என்றார். "சாப்பாடும் இறங்கேல்லை. ஆனா புத்தி தெளிவு."

"என்னைப் பற்றி ஏதும்...?" கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்ததை நான் பார்த்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது.

"நீ செய்தது பிழை எண்டுதான் கடைசி மட்டும் சொன்னவர், பிள்ளை. வாயாலை ஒரு கெட்ட சொல் சொல்லேல்லை. ஆனா பிழை எண்டவர்."

"ஓம் அக்கா."

"எனக்கும் அப்பிடித்தான் படுது. உனக்குக் கோவம் வரும், வரட்டும். அந்தாள் மருந்தைக் குறைச்சுக் குடிச்சதை நான்தானே பாத்துக்கொண்டு இருந்தனான். பிள்ளையளிட்டைக் காசு கேக்கமாட்டார். கேக்கவும் விடமாட்டார்."

அதை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் வேறு விதமாகத் தீர்மானித்திருப்பேனா? நஸீரின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் சாய்ந்து நின்றது கண்ணில் வந்தது. வாய்க்காலில் இறங்கும் பெண்களும் வந்தார்கள். திரும்ப அதே இடத்தில் உட்கார வைத்தாலும் அதையே எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றியது. ஆனால் அதை அந்த விறாந்தையில் வைத்து அந்த மனுஷியிடம் சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"பொழுது படப்போகுது. நான் வெளிக்கிடுறன் அக்கா."

"ஏன், சாப்பிடாமலோ?" அவர் குரலில் இப்போது கோபம் இருந்தது. "பிழை வேறை, சாப்பாடு வேறை. வா உள்ளுக்கு."

குசினியில் பலகையில் உட்கார வைத்தார். சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பால்கறி. எனக்கு முன்னால் ஒரு மூக்குப்பேணியில் தண்ணீரை வைத்துவிட்டு, எதிரே சுவரில் சாய்ந்து அமர்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் வேகமாகச் சாப்பிடுவார்கள். அது எனக்குத் தெரிவதில்லை. அவருக்குத் தெரிந்தது.

"ஆறுதலாச் சாப்பிடு. அங்கை உனக்காக ஆர் பாத்துக்கொண்டு இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

 அக்கா அகப்பையை எடுத்து, நான் போதும் என்று கையை நீட்டுவதற்குள், இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.